அமெரிக்க சம்மர் கேம்ப் வேலை: பிள்ளைகளோடா, சமையலறையிலா, கடலோர ஊரிலா?

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வீட்டை விட்டு வந்து வாரக்கணக்கில் தங்குகிற இடம்தான் சம்மர் கேம்ப். அங்கே வேலைக்குப் போக ஆசைப்படுகிற நம் இளைஞர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு மிஞ்சும்’ என்றுதான். அடுத்த கேள்வி ‘விசா கிடைக்குமா’. இரண்டுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: அடுத்தவர் பெற்ற எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் ராத்திரி பகலாக எட்டு வாரம் இருக்க உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் ஒரு வழி, பிடிக்காது என்றால் வேறு வழி. இரண்டும் கௌரவமான வழிதான். சிறு பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல் வருகிற ஆள் கவுன்சலர் (பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்) வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது வாரமே ஊருக்கு டிக்கெட் பார்ப்பதை நான் கேம்ப்பில் இருந்தபோது கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவருக்கும் கஷ்டம், அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கஷ்டம்.

கேம்ப் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரில் இருந்துகொண்டு புரிந்துகொள்வது கொஞ்சம் சிரமம். 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃப்ரெடெரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கடற்கரை வரை நடத்தியே கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார், அதைத்தான் முதல் கேம்ப் என்று சொல்வார்கள். இன்றைக்கு மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க்கின் அடிரான்டாக் மலைப்பகுதி, பென்சில்வேனியாவின் போக்கனோ மலைகள், மிஷிகன், மினசோட்டா என்று ஏரியும் காடும் உள்ள இடமெல்லாம் கேம்ப்தான். தாத்தா போன அதே கேம்ப்புக்குப் பேரன் போகிற குடும்பங்கள் உண்டு. பணக்காரத் தனியார் கேம்ப்பில் ஒரு பிள்ளைக்கு முழு சீசனுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். ஒய்எம்சிஏ, ஸ்கவுட் அமைப்புகள் நடத்துகிறவை அவ்வளவு ஆகாது, வசதியும் எளிமையாகத்தான் இருக்கும். நடிகர் பால் நியூமன் 1988இல் கனெக்டிகட்டில் தொடங்கிய ‘ஹோல் இன் த வால் கேங்’ கேம்ப் மாதிரி, கடும் நோயோடு இருக்கும் குழந்தைகளுக்கென்றே நடப்பவையும் இருக்கின்றன. ஆகவே ‘கேம்ப் வேலை’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தக் கேம்ப் என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

இப்போது விசா. எல்லாம் ஜே-1 என்கிற பரிமாற்றத் திட்ட விசாதான், ஆனால் அதற்குள் பிரிவுகள் இருக்கின்றன, இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ‘கேம்ப் கவுன்சலர்’ என்பது ஒரு பிரிவு. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும், மாணவராகவோ ஆசிரியராகவோ இளைஞர் பணி செய்கிறவராகவோ அல்லது ஏதாவது ஒரு தனித் திறமை உள்ளவராகவோ இருக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம். இந்த விசாவில் போகிறவரைச் சமையல்காரராகவோ, பாத்திரம் தேய்ப்பவராகவோ, ஆபீஸ் வேலைக்கோ, துப்புரவுக்கோ போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. வேலை பிள்ளைகளோடுதான். ‘சம்மர் ஒர்க் டிராவல்’ என்பது இன்னொரு பிரிவு. இது முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும், குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், உங்கள் நாட்டுக் கல்லூரியின் கோடை விடுமுறையில்தான் போக முடியும், இதற்கும் நான்கு மாதம்தான். ஹோட்டல், உணவகம், தீம் பார்க், தேசியப் பூங்கா விடுதி, கடற்கரை ஊர்க் கடை என்று எல்லாம் இதில் அடங்கும். கேம்ப்பின் சமையலறை, சலவை, பராமரிப்பு வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் இந்தப் பிரிவில்தான்.

ஆக, ஒரே கேம்ப்பில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேர், பிள்ளைகள் தங்கும் குடிலான கேபினில் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவரும் அந்தச் சாப்பாட்டைத் தயார் செய்தவரும், வேறு வேறு பிரிவில் வந்திருப்பார்கள். எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரிந்து விண்ணப்பியுங்கள்.

கவுன்சலர் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன். காலையில் மணி அடிக்கும், பிள்ளைகளை எழுப்ப வேண்டும், எழுந்திருக்க மாட்டார்கள். கொடியேற்றம், சாப்பாடு, பிறகு கேபின் துப்புரவு, அதற்கு மார்க் உண்டு. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வகுப்பு: அம்பு விடுவது, படகு ஓட்டுவது, களிமண் வேலை, கயிறேற்றம், நீச்சல். உங்களுக்கு என்ன தெரியுமோ அதை நீங்கள் சொல்லித்தர வேண்டும். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் ஓய்வு, அப்போது பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள், ஏனென்றால் பெரும்பாலான கேம்ப்புகளில் பிள்ளைகளுக்கு போன் கிடையாது. சாயங்காலம் விளையாட்டு, பாட்டு, நெருப்பு மூட்டி உட்காருவது. விளக்கணைத்த பிறகும் ஒரு கவுன்சலர் கேபின் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், முறை வைத்துக்கொண்டு.

உண்மையான வேலை அந்த விளக்கணைத்த பிறகுதான். எட்டு வயதுப் பையன், வாழ்க்கையில் முதல்முறை வீட்டை விட்டு வந்தவன், பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்திருப்பான், இருட்டியதும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் முகத்தைப் புதைத்து அழுவான். இன்னொருவன் படுக்கையை நனைத்திருப்பான், மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் அதை மாற்றியாக வேண்டும். பகலில் எல்லாரும் நீச்சலுக்குப் போன நேரம் பார்த்து அந்தத் துணியைச் சத்தமில்லாமல் சலவைக்கு அனுப்பிவிட்டு வேறு விரிப்பு போட்டுவைக்கிற கவுன்சலர்தான் நல்ல கவுன்சலர். இதையெல்லாம் சலிக்காமல் செய்ய முடிகிற ஆள் நீங்கள் என்றால், மற்ற வழிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இதற்குப் போங்கள். ஆகஸ்டில் கடைசி நாள் பஸ் ஏறும்போது அந்தப் பிள்ளைகள் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஈடாக இன்றுவரை எந்த வேலையிலும் எனக்கு ஒன்று கிடைத்ததில்லை.

நம் ஊரில் வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. நாம் பிள்ளைகளைச் செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளுவோம், மடியில் தூக்கி வைத்துக்கொள்வோம், கோபம் வந்தால் ‘ஒன்று போட்டேன்னா பார்’ என்போம். அங்கே இதில் எதுவுமே கூடாது. ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது, கையோங்குவது மட்டுமில்லை, கையோங்குவேன் என்று சொல்வதற்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் பயிற்சி கொடுத்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஊசி மருந்து எங்கே இருக்கிறது, காட்டில் நடந்துவிட்டு வந்ததும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது (அங்கே உண்ணிக்கடியால் வருகிற லைம் நோய் சாதாரண விஷயமில்லை), இதெல்லாம் அந்த வாரத்தில்தான். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கையும் கேபினில் வைத்துக்கொள்ள முடியாது, எலியும் ரக்கூனும் வந்துவிடும். சமையலறையில் கொடுத்துவைக்க வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். கவுன்சலருக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்பதைவிடப் பாக்கெட் மணி என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். முதல் வருடம் போகிறவருக்கு முழு சீசனுக்கும் சேர்த்து 1,500 முதல் 2,500 டாலருக்குள் இருப்பது வழக்கம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். வேலை நேரத்தால் இதை வகுத்துப் பார்த்தால் மணிக்கு மூன்று நான்கு டாலர்கூட வராது. இதில் சட்ட விரோதம் ஏதும் கிடையாது: 1938இல் வந்த அமெரிக்கக் கூலிச் சட்டத்தில், வருடத்துக்கு ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத கேம்ப்புகளுக்குக் குறைந்தபட்சக் கூலியிலிருந்தும் ஓவர்டைமிலிருந்தும் விலக்கு இருக்கிறது. அமெரிக்கக் கவுன்சலருக்குத் தருவதற்குச் சமமாக உங்களுக்கும் தர வேண்டும் என்பதுதான் ஜே-1 விதி, அமெரிக்கப் பிள்ளைகளுக்கே அவ்வளவுதான்.

செலவுப் பக்கம்: விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பரிமாற்ற விசாக்காரர்களின் அரசுப் பதிவேடு) கட்டணம் இந்த இரண்டு பிரிவுக்கும் 35 டாலர் (மற்ற பெரும்பாலான ஜே-1 பிரிவுகளுக்கு 220), உங்களை அந்த விசாவில் அனுப்பிவைக்கிற ஸ்பான்சர் நிறுவனத்துக்குச் சில நூறு டாலர், காப்பீடு, போலீஸ் சான்றிதழ், அப்புறம் விமான டிக்கெட். 2025 ஜூலையில் இயற்றிய சட்டத்தில் விசாவுக்கு இன்னும் 250 டாலர் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள், விண்ணப்பிக்கும்போது அதையும் கணக்கில் சேருங்கள். சென்னையிலிருந்து ஜூனில் போய் ஆகஸ்ட் கடைசியில் திரும்பும் டிக்கெட் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கவுன்சலர் வேலையில் கையில் நிற்பது ஒன்றுமில்லை. கையைக் கடிக்காமல் இருந்தாலே நல்லது. கடன் வாங்கிப் போகாதீர்கள், அடைக்க முடியாது.

கேம்ப் சமையலறை வேலையை நம் பிள்ளைகள் கேவலமாக நினைக்கிறார்கள், அது எனக்கு வருத்தம். பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்காத, ஆனால் கேம்ப் வாழ்க்கை வேண்டும் என்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நேரம் தெளிவாக இருக்கும். மூன்று வேளைச் சாப்பாட்டைச் சுற்றித்தான் வேலை, நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஏரியில் போய்க் குதிக்கலாம், படகு எடுக்கலாம், ராத்திரி எந்தப் பிள்ளையும் உங்களை எழுப்பாது. பல கேம்ப்புகளில் இவர்களுக்குக் கவுன்சலரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தருகிறார்கள். நானூறு பேருக்குப் பாத்திரம் தேய்ப்பது முதுகை ஒடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் போலந்து, மெக்சிகோ, தென்னாப்பிரிக்காப் பிள்ளைகளோடு உண்டாகிற சிநேகம் வருடக்கணக்கில் நிற்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம், அடுப்பு உங்கள் கையில் இருக்கிறது.

காசுதான் முக்கியம் என்றால் கேம்ப்பையே விட்டுவிட்டு சம்மர் ஒர்க் டிராவலில் வெளி வேலை பாருங்கள். மேரிலாந்தின் ஓஷன் சிட்டி, மாசசூசெட்ஸின் கேப் காட், விஸ்கான்சின் டெல்ஸ், யெல்லோஸ்டோன் பூங்கா, இங்கெல்லாம் கோடையில் இந்த மாணவர்களை நம்பித்தான் தொழில் நடக்கிறது. மணிக் கூலி உண்டு. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது, ஆனால் பல மாநிலங்களில் அதைவிட ரொம்பக் கூடுதல். மணிக்கு 14 டாலர், வாரம் 40 மணி என்று வைத்துக்கொண்டால் பத்து வாரத்துக்கு 5,600 டாலர். அதில் வாடகைக்கு வாரம் 150, சாப்பாட்டுக்கு 80 என்று போட்டால் 2,300 போய்விடும், வருமான வரி கொஞ்சம் போகும், ஜே-1இல் இருப்பவரிடம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்கிற ஓய்வூதிய, முதியோர் மருத்துவ வரிகளைப் பிடிக்கக் கூடாது (பிடித்தால் கேட்டு வாங்குங்கள், நிறைய முதலாளிகளுக்கு இது தெரியவே தெரியாது). டிக்கெட், கட்டணம் எல்லாம் போக ஏதோ ஆயிரம் டாலரை ஒட்டி மிஞ்சலாம்.

ஆனால் இந்த வழியில் வீடுதான் பிரச்சினை. ஓஷன் சிட்டி, கேப் காட் மாதிரி ஊர்களில் கோடையில் வாடகைக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஒரு அறையில் ஆறு பேரை அடைத்துவைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வேலை மணி நேரம் மழை பெய்தால் குறையும், கூட்டம் குறைந்தால் குறையும், வாடகை குறையாது. முதலாளி வீடு கொடுக்கிறாரா, சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார், வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி உறுதி, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பெட்டி கட்டும் கிடங்கில் வேலைக்குப் போடப்பட்ட இந்த விசா மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து போராடினார்கள். பளு தூக்குகிற வேலை, ராத்திரி ஷிப்ட், வாடகை பிடித்தது போகக் கையில் ஒன்றும் நிற்காத கூலி. அந்தப் பிள்ளைகள் குரல் கொடுத்ததால்தான் 2012இல் விதிகளை இறுக்கி, கிடங்கு வேலைகளையும் பெரும்பகுதி இரவில் செய்கிற வேலைகளையும் தடை செய்தார்கள். இன்றைக்குப் போகிறவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பு அவர்கள் வாங்கிக்கொடுத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய முட்டுக்கட்டை காலண்டர். கேம்ப் ஊழியர்கள் ஜூன் நடுவிலாவது அங்கே இருக்க வேண்டும், ஆகஸ்ட் மூன்றாவது வாரம்வரை கிளம்ப முடியாது. நம் கல்லூரிகளில் தேர்வு மே, ஜூனில் முடிந்து ஜூலையிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அடுத்த செமஸ்டர் ஆரம்பித்துவிடும். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர் பாதி சீசனில் கிளம்புகிறேன் என்றால் எந்தக் கேம்ப்பும் எடுக்காது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இயல்பாகப் பொருந்துவது கடைசி ஆண்டுத் தேர்வு முடிந்த அந்த ஒரு கோடைதான், அதுவும் கவுன்சலர் பிரிவில். அந்தப் பிரிவுக்குக் கல்லூரியில் சேர்ந்திருப்பது கட்டாயமில்லை, பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமோ ஒரு திறமையோ போதும். வேலையில் சேரச் சொல்லி ஜூலையிலேயே ஆபர் லெட்டர் வந்திருந்தால் என்ன செய்வது என்பது வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். சேரும் தேதியைத் தள்ளித் தர முடியுமா என்று கம்பெனியிடம் கேட்பதில் தப்பில்லை.

வெளிநாட்டில் ஏற்கெனவே படிக்கிற நம் பிள்ளைகள் கதை வேறு. பிரிட்டனில் இளநிலை படிக்கிறவர்களுக்கு ஜூனிலிருந்து செப்டம்பர்வரை விடுமுறை, அமெரிக்கக் கேம்ப்புக்கு அந்தக் காலண்டர் கச்சிதமாகப் பொருந்தும். அவ்வளவு தூரம் போகாமல் பிரிட்டனிலேயே பிஜிஎல் மாதிரி நிறுவனங்களின் சாகச மையங்களிலும் கோடை ஆங்கிலப் பள்ளிகளிலும் வேலை பார்க்கலாம், மாணவர் விசாவில் விடுமுறையில் முழுநேரம் அனுமதி உண்டு. முதுநிலை படிக்கிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை: ஒரு வருட எம்எஸ்சியில் ஆய்வேடு எழுதுகிற கோடை விடுமுறைக் கணக்கில் வராது, வாரம் 20 மணிதான். அமெரிக்காவில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் எம்எஸ் படிக்கிறவர்கள் தனி அனுமதி இல்லாமல் வெளியே எந்தக் கேம்ப்பிலும் வேலை பார்க்க முடியாது, உங்கள் பல்கலைக்கழகமே வளாகத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்துகிற கோடைக் கேம்ப்பில் பார்க்கலாம். அதைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பட்டம் முடித்தவர்களுக்கு இன்னும் இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசா 2024லிருந்து இந்தியர்களுக்கும் உண்டு, 18 முதல் 30 வயது, வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர். பன்னிரண்டு மாதம் இருக்கலாம், ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. பிரிட்டனின் யங் புரொஃபஷனல்ஸ் திட்டம் 2023லிருந்து இருக்கிறது, வருடத்துக்கு 3,000 இடம், அதுவும் குலுக்கல், இரண்டு வருடம், ஆனால் கணக்கில் 2,530 பவுண்டு காட்ட வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால் இவை இரண்டுமே காசு விஷயத்தில் கேம்ப்பைவிட எவ்வளவோ மேல். விழுமா என்பது யார் கையிலும் இல்லை, ஆகவே இவற்றில் பெயர் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பதுதான் சரி.

ஏஜென்ட்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். ‘கேம்ப் வேலை, அப்படியே அங்கேயே செட்டில் ஆகிவிடலாம்’ என்று லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் ஒரு நிமிடமும் உட்காராதீர்கள். ஜே-1 கவுன்சலர் விசா நான்கு மாதத்தில் முடியும், அதற்குப் பிறகு 30 நாள் ஊர் சுற்றலாம், வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான். கேம்ப் அமெரிக்கா (1969லிருந்து இருக்கிறது), சிசியூஎஸ்ஏ, இன்டர்எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஸ்பான்சர்களின் பட்டியலை அமெரிக்க வெளியுறவுத் துறையே ஜே-1 தளத்தில் போட்டிருக்கிறது. அதில் இருக்கிற நிறுவனம் அனுப்பும் டிஎஸ்-2019 படிவம் இல்லாமல் விசா நேர்காணலே கிடையாது. அந்த நிறுவனம் உங்கள் நாட்டிலிருந்து அந்த வருடம் ஆள் எடுக்கிறதா என்று பணம் கட்டும் முன்னால் எழுதிக் கேளுங்கள்.

ஒரு விஷயம் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்: எல்லாம் சரியாக இருந்தும் விசா கிடைக்காமல் போகலாம். 2025 மே கடைசியில் மாணவர், ஜே-1 விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே நிறுத்திவைத்தார்கள், ஜூன் நடுவில்தான் திரும்ப ஆரம்பித்தார்கள், சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொன்னார்கள். கேம்ப் தொடங்குகிற அதே வாரங்கள் அவை. ஆகவே ரீஃபண்ட் கிடைக்காத டிக்கெட்டை விசா கைக்கு வரும் முன்னால் எடுக்காதீர்கள், நேர்காணலை முடிந்தவரை சீக்கிரமாகப் போடுங்கள். அதற்கு வேலை சீக்கிரம் உறுதியாக வேண்டும். கேம்ப்புகள் முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் தேட ஆரம்பித்துவிடும், மார்ச்சுக்குள் நல்ல இடங்கள் முடிந்துவிடும். நீச்சலில் உயிர்காப்புச் சான்றிதழ் இருந்தால் முதல் ஆளாக எடுப்பார்கள். கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவர்களாக இருந்தாலும் ஒரு முறையான பயிற்சியில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள். டென்னிஸ், கால்பந்து, யோகா, நடனம், மண்பாண்டம், கிடார், எதுவாக இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற மாதிரி ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்ப் டைரக்டர் வீடியோ காலில் வரும்போது அவர் மட்டும் கேள்வி கேட்க வேண்டும் என்று இல்லை. ஒரு கேபினில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கவுன்சலர், வாரத்தில் முழு நாள் லீவு உண்டா, அன்றைக்குப் பக்கத்து ஊருக்குப் போக வண்டி தருவார்களா, போன வருடம் வந்த வெளிநாட்டு ஊழியர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள், சைவச் சாப்பாடு என்ன இருக்கும், இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். திரும்ப வருகிற ஊழியர்கள் அதிகம் உள்ள கேம்ப் நல்ல கேம்ப். அப்படி வருகிற ஒருவரோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள், நல்ல டைரக்டர் அன்றைக்கே நம்பர் வாங்கிக் கொடுப்பார்.